பதினோரு நாள் பழைய நேற்று

நான் முன்பு வேலை பார்த்த அம்பத்தூர் ஆபீசிலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். பழைய ஃபைல் சர்வர்களை மூட்டை கட்டுகிறார்களாம். எல்லாம் இனி கிளவுடுக்குப் போகிறதாம். போவதற்கு முன் பூட்டு விழுந்து கிடக்கும் வால்யூம்களைத் திறக்கலாம் என்று பார்த்தால், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, நான்கு கேள்வி இருக்கிறது, இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம். "ஒரே ஒரு கமாண்டுக்கு எதுக்குங்க ரெண்டு கையெழுத்து? யாரு இத எழுதினது?" என்று கேட்டாள்.

எழுதியது நான்தான். காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் அவளுடைய சாப்பாட்டு நேரம் முழுக்கப் போய்விடும். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான், இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை என்று தெரிந்தது.

எனக்கு வீடு நெமிலிச்சேரி. பாலிடெக்னிக் முடித்த வருஷமே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கார் பாகங்களை அடித்தெடுக்கும் பிரஸ் டூல்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிற கம்பெனி. முதல் நான்கு வருஷம், சர்வரில் இருப்பதை நகல் பதிகிற டேப்பை மாற்றும் ஆபரேட்டர். கேசட்டை மாட்டு, கழற்று, மேலே தேதி எழுது, பீரோவில் அடுக்கு. மூளைக்கு வேலையே கிடையாது. பிறகு ஒருவர் வேலையை விட்டுப் போக, சர்வர் அறைக்குள் உட்கார எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ரிட்டயர் ஆகும்வரை அந்த நாற்காலிதான், மெத்தையை மட்டும் இரண்டு தடவை மாற்றினார்கள்.

எங்கள் ஃபைல் சிஸ்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்பத்தூர், ஆவடி, காட்டுப்பாக்கம் என்று மூன்று இடத்தில் சர்வர்கள். ஒவ்வொருவருடைய ஃபைல்களும் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டிக்குத்தான் வால்யூம் என்று பெயர். பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்று அதன் சொந்தக்காரருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அம்பத்தூர் டிஸ்க் நிரம்பிவிட்டால் பெட்டியைக் காட்டுப்பாக்கத்துக்கு நகர்த்துவோம். அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார்.

தினமும் விடிவதற்குள் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரு நகல் எடுக்கப்படும். அந்த நகலை ஒவ்வொருவர் ஃபோல்டருக்குள்ளும் 'நேற்று' என்ற பெயரில் வைத்திருந்தோம். இன்றைக்குத் தப்பாக எதையாவது அழித்துவிட்டால் அதற்குள் போய் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் நகல் எடுக்கும்போது பழைய நகல் போய்விடும். ஒரே ஒரு நேற்றுதான். முந்தாநாள் கிடையாது. இந்த ஒரு விஷயத்தை ஜனங்களுக்குப் புரியவைப்பதிலேயே என் பாதி ஆயுசு போனது.

ஸ்டோர்சில் முனிரத்தினம் என்று ஒருவர், நூம்பல்காரர். அவர் பெட்டி வாராவாரம் நிரம்பிவிடும். இடம் கொடுக்கக் கொடுக்கப் பத்தாது. போய்ப் பார்த்தால், மனுஷன் தினமும் காலையில் 'நேற்று' ஃபோல்டரை எடுத்துத் தன் ஃபோல்டருக்குள்ளேயே காப்பி போட்டு வைத்திருக்கிறார். இன்றைய ஃபைலுக்குள் நேற்று, மறுநாள் அதையும் சேர்த்து இன்னொரு நேற்று. நாளுக்கு நாள் இரட்டிப்பாகிக்கொண்டே போயிருக்கிறது.

"இன்னாம்மா, ஒரு சேஃப்டிக்கு எட்த்து வெச்சிக்கினா தப்பா? நாளிக்கு நீ பாட்டுக்குத் தொலச்சுட்டேன்னு சொல்லுவ. அப்பால நான் எங்க போறது?"

"சேஃப்டி சரி. உங்க ஃபைல் மொத்தம் எத்தனை?"

"ஏழு கீதும்மா."

ஏழு ஃபைலுக்கு டிஸ்க் நிரம்பிய ஒரே ஆள் அவர்தான். அழிக்கச் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

என் மேலதிகாரி ரஷீத் சார், பூந்தமல்லிக்காரர். அவர் வீட்டில் எல்லோரும் துணி வியாபாரம், இவர் மட்டும் கணினிப் பக்கம் வந்துவிட்டார். மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நம் கீபோர்டை அவர் தொடவே மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பார். நாம் கமாண்டை அடித்துவிட்டு எண்டர் தட்டாமல் நிறுத்த வேண்டும். அடித்ததை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு கேட்பார்: "இதத் தட்டுனா என்னம்மா போவும்?"

என்ன வரும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. என்ன போகும், அது மட்டும்தான். "ஒண்ணும் போவாது சார்" என்று வேகமாகச் சொன்னால், "யோசிச்சுச் சொல்லு" என்று ஜன்னல் பக்கம் போய்விடுவார். சின்ன வேலைக்குக்கூடக் கால் மணி நேரம் ஆகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து வருஷ அனுபவம் இருக்கிறவளைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி வைத்துக் கேட்கிறாரே என்று மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வேலையை முடித்துவிடுவது என் வழக்கமானது. அந்த வழக்கத்தில்தான் வந்தது வினை.

விமலா படம் வரைகிற பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் விருதுநகர் பக்கம். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே ரயிலில் போவோம், அவள் ஆவடியில் இறங்குவாள், நான் நெமிலிச்சேரி. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் அண்ணன்மார். அதனால் அந்த அக்கா எனக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

அவள் பெட்டி பெரியது. ஒருநாள் மதியம் அதைக் காட்டுப்பாக்கத்துக்கு நகர்த்த ஆரம்பித்தேன். நகர்த்தும்போது இன்னொருவர் கை வைத்துவிடக் கூடாது என்று சிஸ்டமே அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போடும், முடிந்ததும் தானே எடுத்துவிடும். பாதியில் லைன் அறுந்தது. காட்டுப்பாக்கம் லைனுக்கு அது வாடிக்கை. சாயங்காலம் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சாயங்காலம் மறந்தேன். மறுநாள் முதல் ஒரு வாரம் லீவு, அண்ணன் மகள் கல்யாணம்.

அவள் வேலைக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. ஃபைல்கள் வழக்கம்போல் திறந்தன, மூடின. ஆனால் பூட்டு விழுந்த பெட்டிக்கு விடிகாலை நகல் எடுக்கப்படாது. அதாவது அவளுடைய 'நேற்று' அன்றைக்கே நின்றுவிட்டது. தினமும் வருகிற அறிக்கையில் 'ஒன்று தவிர எல்லாம் முடிந்தது' என்று வந்துகொண்டுதான் இருந்தது. நான் படித்தது 'முடிந்தது' மட்டும்.

பதினோராம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை, ரஷீத் சார் மாத அறிக்கை கேட்டுவிட்டு மாடியில் மீட்டிங்குக்குப் போனார். தொகுக்கும்போதுதான் அந்த 'ஒன்று' கண்ணில் பட்டது. என் கைவேலை. பதினோரு நாளாகச் சும்மா கிடந்திருக்கிறது. அவர் இறங்கி வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. பூட்டைத் திறந்தேன். புது நகல் எடுக்கச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அறிக்கையில் எல்லாம் சரி என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் விமலா நின்றிருந்தாள். முகமே சரியில்லை.

"அக்கா, என் நேத்துல பழசு ஏதாவது இருக்குமா? பத்து நாளைக்கு முந்தினது?"

நடந்தது இதுதான். பத்து நாளைக்கு முன் படம் வரையும் சாஃப்ட்வேரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். படத்தில் அளவுகள் எல்லாம் தனி அடுக்கில் இருக்கும். வேலை செய்யும்போது அந்த அடுக்கை அணைத்துவைப்பார்கள். விமலா முப்பத்தெட்டுப் படங்களையும் திறந்து, மூலையில் இருந்த பாக எண்ணை மட்டும் மாற்றி, சேமித்து, வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டாள். புது சாஃப்ட்வேர், அணைத்துவைத்த அடுக்கைச் சேமிக்கும்போதே கழற்றி எறிந்திருக்கிறது. முப்பத்தெட்டுப் படத்திலும் ஒரு அளவுகூட இல்லை. அனுப்புவதற்கு முன் அடுக்கைப் போட்டுப் பார்க்காதது அவள் தப்பு. ஆனால் மேனேஜர் சொன்னது வேறு: இவள் அளவே போடவில்லை, ஆறு மாதமாக ஏமாற்றியிருக்கிறாள். சரிபார்க்க எடுத்த பிரிண்டுகள் பழைய பேப்பருக்குப் போயிருந்தன. டேப் டிரைவ் ஒரு மாதமாக ரிப்பேரில். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் அத்தோடு சரி.

பத்து நாள். பதினோரு நாள். மனசுக்குள் கணக்குப் போட்டேன். அரை மணி நேரத்துக்கு முன்புவரை அந்த 'நேற்று'க்குள் ஏறக்குறைய எல்லாப் படங்களும் அளவோடு முழுதாக இருந்திருக்கின்றன. ஒழுங்காக வேலை செய்திருந்தால் என்றைக்கோ போயிருக்கும். என் மறதியால் தங்கி, என் அவசரத்தால் போய்விட்டது.

"இல்லம்மா. நேத்து வரைக்கும்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி இருக்காது" என்றேன்.

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் அது பச்சைப் பொய்.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, நகல் போனது போனதுதானே என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. பயம், அவ்வளவுதான். முனிரத்தினத்தையும் மற்றவர்களையும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தவள் நான். என் தப்பு வெளியே தெரிந்தால் அத்தனை பேரும் சிரிப்பார்கள் என்று பயம்.

அன்று சாயங்காலம் ரயிலில் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அப்பாவுக்கு அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட், குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும் என்றாள். "வீடு பாக்கப் போனா மொதல்ல பொண்ணு எங்க வேலை பாக்குதுன்னுதான்க்கா கேக்குறாங்க. நாளைக்கு என்ன சொல்றது?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுள் விட்டுட மாட்டார்" என்றேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரஷீத் சார் வீட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். லைன் அறுந்தது, மறந்தது, அறிக்கையைப் படிக்காதது, அவர் மாடியில் இருந்தபோது பூட்டைத் திறந்தது, விமலாவிடம் மழுப்பியது, எல்லாம்.  

பிறகு மெதுவாகக் கேட்டார். "நகர்த்தும்போது பாதியில நின்னுச்சுன்னு சொன்ன. அப்போ அங்க போய்ச் சேந்த பாதி எங்கம்மா?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நகர்த்துகிறபோது முதலில் மொத்தப் பெட்டியையும் அந்த ஊரில் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான், பிறகு எந்தப் பெட்டி எந்த ஊரில் என்ற பட்டியலில் முகவரியை மாற்றி இங்கே இருப்பதை அழிக்கும். முகவரி மாற்றுவதற்கு முன் அறுந்திருந்தால், காட்டுப்பாக்கம் டிஸ்கில் யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு பெட்டி கிடக்க வேண்டும். பட்டியலில் அது வராது. நகர்த்தல் அறுந்த கதை தெரியாத யாரும் அதைத் தேடப்போவதில்லை. அந்தக் கதை எனக்கு மட்டும்தான் தெரியும், அதை ஒருநாள் முழுக்க நான் வாயில் பூட்டுப் போட்டு மறைத்திருக்கிறேன்.

"இன்னொண்ணு," என்றார் ரஷீத் சார். "காட்டுப்பாக்கத்துல இன்னிக்கு கரண்ட் ஷட்டவுன். ஒம்போது மணிக்கு. நான் கெளம்புறேன், நீயும் வா."

ஷட்டவுன் என்றால் அங்கே சர்வரையும் அணைத்துவிடுவார்கள். மறுபடி எழும்போது டிஸ்கைத் தானே சோதித்து, இப்படி அரைகுறையாக அநாதையாகக் கிடக்கும் பெட்டிகளையெல்லாம் துடைத்துவிடும். அது அதன் ஒழுங்கு. அம்பத்தூரிலிருந்தே எடுக்கலாம் என்றால் அந்த லைனை யார் நம்புவது. ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோ என்று மாறி நான் போய்ச் சேரும்போது எட்டே முக்கால். ரஷீத் சார் சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாட்ச்மேன் சர்வர் அறைச் சாவியோடு தயாராக நின்றிருந்தார், அணைப்பதற்கு.

முகவரிப் பட்டியலை விட்டுவிட்டு, டிஸ்கில் நேராக என்ன கிடக்கிறது என்று கேட்டேன். நூற்றுச் சொச்சம் வரி ஓடியது. கடைசிக்குச் சற்று மேலே, பெயருக்குப் பக்கத்தில் 'இயக்கத்தில் இல்லை' என்ற குறியோடு விமலாவின் பெட்டி எண். அளவு முழுசாக இருந்தது. பாதி அல்ல, முழுப்பெட்டி.

அதை அப்படியே ஒரு ஃபைலாக இறக்கி வைக்கும் கமாண்டை அடித்தேன். கை எண்டருக்குப் போனது. பக்கத்தில் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மணி எட்டு ஐம்பத்தைந்து.

"படி," என்றார்.

படித்தேன்.

"என்ன போவும்?"

இந்தத் தடவை கோபம் வரவில்லை. யோசித்தேன். இறக்கி வைக்கும் இடம் அதே டிஸ்க் என்று அடித்திருந்தேன். அதில் இடம் போதாது, நடுவில் நின்றிருக்கும். வேறு டிஸ்குக்கு மாற்றி அடித்து, மறுபடி படித்தேன். "ஒண்ணும் போவாது சார்" என்றேன். "தட்டும்மா" என்றார்.

பாதி இறங்கும்போது கரண்ட் போனது. யூ.பி.எஸ். பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. ஃபேன் நின்றுவிட்டது, வியர்வை ஊற்றியது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்ளோ நேரம் சார்? பேட்டரி தாங்காது" என்றார். ரஷீத் சார் தேவையில்லாத மற்ற கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. முடிந்தது என்ற வரி வந்ததும் நான் நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். அவர் பார்க்காத மாதிரி டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றினார்.

மதியம் அம்பத்தூரில் அதை வேறு பெயரில் விரித்தோம். விமலாவை அழைத்து முதல் படத்தைத் திறக்கச் சொன்னோம். அடுக்கைப் போட்டாள். அளவுகள் எல்லாம் மளமளவென்று வந்து நின்றன. முப்பத்தாறு படம் முழுதாகக் கிடைத்தது. இரண்டு படம் நகர்த்திய பிறகு வரைந்தவை, அதை அவள் மறுபடி போட்டாள். ரஷீத் சார் மேனேஜரிடம் போய், அளவுகள் ஆறு மாதமாக இருந்ததற்குத் தேதியோடு ஆதாரம் காட்டினார். சாஃப்ட்வேர் கோளாறு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஒப்பந்தம் நீண்டது. என் பெயரை அவர் எங்கும் எழுதவில்லை. என்னிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை மட்டும், "பூட்டைத் தெறக்கறதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்னு எழுதிக் கொண்டா" என்றார். அந்தப் படிவம் அப்படி வந்ததுதான். ஆபீசில் சும்மா போட்ட விதி இல்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமையே விமலா ஒரு டிபன் பாக்ஸ் நிறையக் கேசரி கொண்டுவந்தாள். அவள் அம்மா செய்தது. எல்லோர் முன்னாலும், "இந்த அக்கா மட்டும் காலங்காத்தால காட்டுப்பாக்கம் ஓடலேன்னா நான் இன்னிக்கு வீட்லதான் உக்காந்திருப்பேன்" என்றாள். நான் பாக்ஸை மூடி என் மேஜையில் வைத்தேன். அவளைச் சர்வர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். பூட்டு யார் போட்டது, யார் திறந்தது, வியாழக்கிழமை காலை எதற்கு அப்படிச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள். நகல் போனதைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

"அன்னிக்கு ரயில்ல என் கையப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்களே. அப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். டிபன் பாக்ஸ் என் மேஜையிலேயே இருந்தது. மறுநாள் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுந்து நின்று வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் அதே ஆபீசில் இருந்தாள், நிரந்தரமானாள், பிரிவுக்கே தலைமையானாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எந்த வேலையானாலும் முறையாக எழுதி அனுப்புவாள். சாயங்காலம் அடுத்த ரயிலில் போவாள். நான் ரிட்டயரான அன்று எனக்கு மாலை போட்டதும் அவள்தான். "ஒடம்பப் பாத்துக்கோங்க மேடம்" என்றாள்.